கப்பலிலும் சிறையிலும் துயிலல்

மெத்தையின் கனத்தை மாத்திரம் விசாரித்து விடுதி தேடுகிறவர்களுக்கு, ஸ்டாக்ஹோமில் 1874 முதல் அரண்மனைக்கு எதிர்க்கரையில் ராஜகம்பீரத்துடன் நிற்கும் கிராண்ட் ஹோட்டல் போதும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தீவுகளின்மேல் பரந்து கிடக்கும் இப்புராதன நகரத்தில், தான் தலைசாய்க்கும் இடத்தின் பூர்வ சரித்திரத்தையும் சேர்த்து அனுபவிக்க விரும்பும் ரசிகனுக்கு, ஸ்கெப்ஸ்ஹோல்மன் தீவோரம் நிற்கும் 'அஃப் சாப்மன்' என்னும் பாய்மரக் கப்பலைவிட உகந்த வாசஸ்தலம் அகப்படுவது துர்லபம். 1888-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, சரக்கு சுமந்து சமுத்திரங்களைக் கடந்து, பின்னர் ஸ்வீடன் கடற்படையின் பயிற்சிக் கலமாக உழைத்து ஓய்ந்த அந்த வெண்ணிறக் கப்பல், 1949-இல் சிக்கனமான பிரயாணிகளின் சத்திரமாயிற்று. அறை சிறிது, கட்டில் அதனினும் சிறிது, ஆயினும் மேல்தளத்தில் ஏறி நின்றால் பழைய நகரமான காம்லா ஸ்தான் தன் மஞ்சளும் காவியுமான சுவர்களோடு நீருக்கு அப்பால் காட்சி தருகிறது. தனவந்தர்களுக்கும் இதைவிட மேலான தரிசனம் கிட்டாது.

லோங்ஹோல்மன் தீவிலோ, 1975-இல் மூடப்பட்ட சிறைச்சாலையே விடுதியாகிவிட்டது. காசு கொடுத்துச் சிறை புகுவது விபரீத ஆசையென்று நகைப்பவர் நகைக்கட்டும். அந்தத் தடித்த சுவர்களுக்குள் நிலவும் நிசப்தம் தனிவழிப் பிரயாணிக்கு ஒரு பாக்கியமே. குடும்பத்தோடு செல்பவர் மட்டும் அறையின் அளவை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது உத்தமம். ஜூன் மாதமாயின், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மறையாத ஊராகையால், ஜன்னல் திரை கனமானதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.