படக்கதைத் தொடருக்குச் சந்தா கட்டுமுன்

நம் பள்ளி நூல்நிலையங்களுக்கு வாங்கப்பெறும் ஏடுகளைப் பற்றிப் பேசுங்கால், படக்கதை ஏடுகளையும் இலக்கியமாக வைத்து ஆராயும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. ‘பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்’ என்று வாங்கிப் போடுவாரும், ‘படிப்பைக் கெடுக்கும்’ என்று ஒதுக்குவாரும் ஆகிய இரு சாராருமே அவற்றைப் பிரித்துப் படிப்பதில்லை. நான் படிப்பவன். ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியன் ஒருவன் இதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம், தரட்டும்.

எங்கள் தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நூல்நிலையத்திற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதில் படக்கதைத் தொடர் ஒன்றிற்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என இசைந்தது. எந்தத் தொடர் என்பதை என் பொறுப்பில் விட்டனர். தொகையோ ஒன்றுக்கே போதும். அற்பச் செய்தி என்று அன்பர்கள் எண்ணலாகாது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகளுள் பலர் அதற்குப்பின் தமிழ் நூலைத் தொடுவதில்லை என்பதை என் பணிக்காலம் முழுதும் கண்டு வந்திருக்கிறேன். அவர்கள் தாமாக விரும்பிக் கையில் எடுக்கும் கடைசித் தமிழ் ஏடு இந்தப் படக்கதையாகவே இருக்கக்கூடும்.

முன்பு ஒருமுறை நான் தவறியதும் உண்டு. வேறொரு தோட்டத்தில் பணியாற்றியபோது, பாகம் பாகமாக வந்த ஒரு வீரக்கதைக்குச் சந்தா கட்டினேன். மூன்று பாகங்கள் வந்தன, நான்காவது வரவேயில்லை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், மற்றப் பாடங்களில் பின்தங்கியவன், ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் அறை வாயிலில் வந்து நிற்பான். ஈராண்டு கழித்துப் பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். நலம் உசாவியதும் அவன் கேட்ட முதற் கேள்வி: “ஐயா, அந்தக் கதை என்ன ஆச்சு?” அந்த ஏட்டின் பெயர் இங்கு வேண்டா. குற்றத்தில் பாதி என்னுடையது. கதையின் அமைப்பை ஆராயாமல் அட்டைப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவன் நான்.

நிற்க. தமிழில் இன்று இடையறாது வரும் படக்கதைகளுள் பெரும்பகுதி சிவகாசியிலிருந்தே வருகிறது. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் ஒரே குடும்பத்து ஏடுகள். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அந்த மாயாவி, 1962இல் பிரிட்டிஷ் வார ஏடொன்றில் பிறந்தவன். என் இளமையில், பால்வெட்டி முடித்து வந்த சிற்றப்பா லயத்துத் திண்ணையில் அவனை எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் தோளின்மேல் எட்டிப் பார்த்து அவருக்குமுன் படித்து முடிப்பேன். பின்னர் இத்தாலி, பெல்ஜிய, பிரெஞ்சுத் தொடர்கள் பல தமிழுக்கு வந்தன. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொண்டேன்.

முதலாவது ‘இரத்தப் படலம்’. மூலத்தில் இதன் பெயர் ‘பதின்மூன்று’ என்னும் எண். எழுதியவர் ழான் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ். நினைவிழந்து கரை ஒதுங்கிய ஒருவன், கழுத்தெலும்பருகே பச்சை குத்தப்பட்ட ஓர் எண்ணை மட்டும் துணையாகக் கொண்டு ‘நான் யார்?’ என்று தேடிச் செல்லும் கதை. கதைப்பின்னலில் இதற்கு நிகரானவை சிலவே. ஆயினும் 1984இல் தொடங்கிய இது, 19 பாகங்கள் கடந்து 2007இல்தான் முடிவுற்றது. பின் 2011இல் வேறு ஆசிரியர் கையில் மீண்டும் கிளம்பிற்று. தமிழில் 2010இல் 18 பாகங்களையும் ஒரே பெருந்தொகுப்பாக வெளியிட்டனர். இக்கதைக்கு அதுவே தக்க வடிவம் என்பேன். ஒரே வாயிலுள்ள கோட்டை இது. அவ்வாயிலில் நுழையாதவன் ஏழாம் பாகத்தை எடுத்தால் சுவரைத்தான் காண்பான். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு வெளியேறி மற்றொன்று நுழையும் பள்ளிக்கு இது ஒவ்வாது. கொலையும் சூழ்ச்சியும் பத்து வயதிற்கு மிகை என்பதையும் சேர்த்துக்கொள்க.

இரண்டாவது டெக்ஸ் வில்லர். கியான் லூயிஜி பொனெல்லியும் அவுரேலியோ கல்லெப்பினியும் 1948இல் படைத்த இந்தக் குதிரை வீரன் இத்தாலியில் இன்னும் திங்கள்தோறும் வருகிறான். 700ஆவது இதழ் 2019இல் வந்தது. என் நெஞ்சுக்கு நெருக்கமானவன் இவனே. வெள்ளையனாகப் பிறந்தும் நவஹோ குலத்துப் பெண்ணை மணந்து, அக்குலத்தார் ‘இரவுக் கழுகு’ என்றழைக்கும் தலைவனாகி, தன் நிறத்தாரின் பேராசைக்கு எதிராக நிற்கிறான். ஆயினும் ஓர் இதழே நூறு பக்கங்களுக்கு மேல். கதை பெரும்பாலும் இரண்டு இதழ்களுக்கு நீளும். மெல்லக் கற்கும் பிள்ளை பாதியில் இளைத்துவிடும். துப்பாக்கி வெடிக்காத பத்துப் பக்கங்களைக் காண்பதும் அரிது.

மூன்றாவது லக்கி லூக். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் படைத்தார்; 1955 முதல் கோசினி கதை எழுதினார். 1977இல் கோசினியும் 2001இல் மோரிஸும் மறைந்த பின்னும் தொடர் நிற்கவில்லை. பெரும்பாலும் ஒரு புத்தகம், நாற்பத்து நான்கு அல்லது நாற்பத்தாறு பக்கம், ஒரு முழுக் கதை. நிழலைவிட விரைந்து சுடும் நாயகன் ஆளைக் கொல்லாமல் துப்பாக்கியை மட்டும் தட்டிவிடுகிறான். உயர வரிசையில் நிற்கும் டால்டன் சகோதரர் நால்வரைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளை சிரிக்கிறது, முன்கதை தேவையில்லை. 1892இல் முறியடிக்கப்பட்ட உண்மைக் கொள்ளையரை முதலில் வரைந்து, அக்கதையிலேயே மாளவும் வைத்த மோரிஸ், அவர்கள் இல்லாமல் தொடருக்குச் சுவையில்லை என உணர்ந்து, ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் என்று சொல்லி வேறு நால்வரைக் கொணர்ந்தார். எந்த இதழிலும் நுழையலாம். எந்த இதழோடும் வெளியேறலாம். முடிவறியாமல் பேருந்து நிலையத்தில் நிற்கவேண்டிய நிலை எந்த மாணவனுக்கும் வாராது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பேச்சுக்குமிழி பிரெஞ்சு மொழிக்கென்று வரையப்பட்டது. தமிழோ நீண்ட சொற்களையுடையது. ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே குமிழியை அடைத்துவிடும். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் குறுக்குகிறார், துணைவினைகளை உதிர்க்கிறார், பேச்சு வழக்கைக் கலக்கிறார். நம் ஆசிரியருட் சிலர் இதனைக் கொச்சை என்பர். கதை சொல்லும் கட்டத்தில் எழுத்துத் தமிழும், மாந்தர் வாயில் பேச்சுத் தமிழும் அமைவதே முறை என்பது என் துணிபு. நீண்ட தொடர்களை எழுதித் தடுமாறும் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு, ஆறு சொல்லில் ஒரு கருத்தை முடிக்கும் கலையை இக்குமிழிகள் கற்பிக்கின்றன. கட்டுரைப் பாடத்தில் நாம் அதனைச் செய்கிறோமா?

இனி, லக்கி லூக்கின் குறையையும் மறைத்தல் ஆகாது. பழைய கதைகளில் சீனர் என்றாலே சடை முடிந்த வண்ணார். மெக்சிக்கர் என்றாலே தொப்பிக்கடியில் உறங்குவோர். சீன, மலாய்ப் பிள்ளைகளோடு ஒரே திடலில் பந்தாடும் நம் பிள்ளைகளிடம் இப்படங்களை வாய்திறவாமல் கொடுத்தல் கூடாது. இக்காரணத்தால் இத்தொடரை ஒதுக்கிவிடவே முதலில் எண்ணினேன்.

எண்ணத்தை மாற்றியது 2020இல் ஜூல் எழுதி அஷ்தே வரைந்த புதிய கதை. அதனை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். லூசியானாவிலுள்ள பெரும் பருத்தித் தோட்டம் ஒன்று லக்கி லூக்கிற்கு உயிலால் வந்து சேர்கிறது. சுற்றுப்புறத்துத் தோட்ட முதலாளிகள் தங்களுள் ஒருவனாகவே அவனை வரவேற்கிறார்கள். அவனோ நிலத்தை அங்கே உழைக்கும் கறுப்பின மக்களுக்கே பகிர்ந்தளிக்க எண்ணுகிறான். அம்மக்களோ அவன் சொல்லை எளிதில் நம்புவதாயில்லை. இந்த இடம் என்னை நிறுத்தி வைத்தது. துரை ஒருவர் புன்னகையோடு எதையேனும் கொடுத்தால் என் பாட்டனாரும் அப்படித்தான் தயங்கியிருப்பார். கதையில் லூக்கிற்குத் துணை நிற்கும் பாஸ் ரீவ்ஸ் வரலாற்று மாந்தர். 1838இல் அடிமையாகப் பிறந்து, 1875இல் அமெரிக்க அரசின் காவலதிகாரிகளுள் ஒருவரானவர். எழுபதாண்டுகளுக்குமேல் கறுப்பின மக்களை ஓரத்தில் நிறுத்திய அல்லது நகைப்புக்கு மட்டும் வைத்த ஒரு தொடர், அவர்களைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. முடிந்துபோன தொடர் தன் பிழையோடு அச்சில் உறைந்துவிடும். நடந்துகொண்டிருக்கும் தொடருக்கோ தன்னைத் திருத்திக்கொள்ள அடுத்த இதழ் இருக்கிறது. 1983இலேயே மோரிஸ், நாயகன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுப் புல்லொன்றைச் செருகியவர்தாம்.

ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றுண்டு. தமிழில் ஆண்டுச் சந்தாவில் பல நாயகர்கள் கலந்தே வருவர். ஆண்டிற்குரிய கதைப்பட்டியல் முன்னரே அறிவிக்கப்படும். அதனைப் பார்த்து, நகைச்சுவைக் கதைகள் பாதிக்குக் குறையாமலிருந்தால் சந்தா. குறைந்தால் அப்பணத்திற்குத் தனி இதழ்களைப் பொறுக்கி வாங்குதல் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அறிவியல் ஏடு வேண்டுமென்று வாதிட்ட ஆசிரியை, “பிள்ளைங்க எடுத்துப் படிச்சா சரிதான், ஐயா” என்று விட்டுக்கொடுத்தார். வண்ணாரைப் பற்றி வகுப்பில் பேசும் பொறுப்பும் அவரிடமே சென்றது.

டெக்ஸ் கதைகளை என் கைப்பணத்தில் வாங்குகிறேன். அவை நூல்நிலைய அலமாரியில் இல்லை. என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு மாணவர் கேட்டால், இரண்டு பாகங்களும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முதற் பாகத்தைக் கொடுக்கிறேன்.