மலை கொடுத்த வீடு

துருக்கியின் கப்படோசியாவில், எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து வீடும் மாடமும் செய்துகொண்டார்கள். வட சீனத்தில் மண்மேட்டைக் குடைந்து தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கிறார்கள். அண்ணாமலையின் கருங்கல் அப்படி இளகிக் கொடுக்காது. குடையவே முடியாது என்றில்லை; இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் அரசனின் செல்வம் வேண்டும். கையில் ஓடு மட்டும் வைத்திருந்த சாமியார்கள், பாறையே விட்டுவைத்த இடுக்கைத் தேடிப் பிடித்து, முன்பக்கம் சுவர் வைத்துக் குடியேறினார்கள்.

அந்த வகை வீட்டில் எனக்கு மிகப் பிடித்தது விருபாட்சி குகை. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை இருந்த இடம். மடமோ மண்டபமோ அல்ல, சின்ன அறைதான். நடுவில் விருபாட்சி தேவரின் சமாதி. குகை ஓங்கார வடிவம் என்பார்கள். நான் மயங்குவது வெளியே இருக்கும் திண்ணையில். உள்ளே இருட்டு, வெக்கை, ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் நெருக்கம். ஓரடி வெளியே வைத்தால் மரநிழல், காற்று, கீழே ஊர். தனித்திருக்க ஒன்று, வந்தவரோடு இருக்க ஒன்று. தமிழ் வீட்டின் இலக்கணம் முழுக்க இந்த இரண்டு இடங்களில் அடங்கிவிடுகிறது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்டு, 'நான் யார்?' நூலுக்கு வித்திட்டதும் இங்கேதான்.

குறை தண்ணீர். கோடையில் வற்றிவிடும்; ரமணர் அப்போது மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார். மேலே வற்றாத சுனை இருந்த சரிவைக் கந்தசாமி என்ற அடியவர் வெட்டிச் சமப்படுத்தினார். ரமணர் பிறகு குடிபோன கந்தாசிரமம் அதுதான். ரமணரின் அன்னை அழகம்மாள் வந்து சேர்ந்தபின் அடுப்பும் எரிந்தது. 1922இல் அவர் மறையும்வரை அது நிறைகுடித்தனம். முற்றத்தில் நின்றால் அண்ணாமலையார் கோயில், மதிலும் பிராகாரமும் கோபுரங்களுமாகத் தரையில் விரித்த வரைபடம்போலத் தெரியும். 217 அடி ராஜகோபுரத்தைக் குனிந்து பார்க்கக் கிடைக்கும் வீடு வேறு எங்கே இருக்கிறது?

பலரும் ரமணாசிரமத்திலிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறி, பிறகு குகைக்கு இறங்குகிறார்கள். பேகோபுரத் தெருப் பக்கமாக ஏறிப் பாருங்கள். குகை நமசிவாயர் கோயில், விருபாட்சி குகை, கந்தாசிரமம் என்று வரும். முதலில் இடுக்கு, அப்புறம் திண்ணை, கடைசியில் சுனையும் அடுக்களையும்: வீடு வளர்ந்த வரிசையிலேயே காலும் நடக்கும்.