ஆபிரிக்க இலக்கியக் கல்வியும் மொழியும்: நைரோபி விவாதம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பல்கலைக்கழகம் எந்த இலக்கியத்தைக் கற்பிக்கின்றது என்பதும், அதனை எம்மொழியிற் கற்பிக்கின்றது என்பதும் தனித்தனியே விடைகாணக்கூடிய வினாக்களல்ல. ஆபிரிக்க இலக்கியக் கல்வியின் வரலாற்றில் இவ்விரு வினாக்களும் கூர்மையாக எழுந்த இடங்களுள் கென்யாவின் தலைநகரான நைரோபி முதன்மையானது. 1968ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த விவாதம் முதலாம் வினாவுக்குத் துணிவான விடையொன்றைத் தந்தது. இரண்டாம் வினாவுக்கோ அரைகுறையான விடையே கிடைத்தது. அவ்விவாதத்தின் சாதனை பெரிதும் பேசப்பட்டுள்ளது. அதன் குறைபாடும் உடன்வைத்து நோக்கற்பாலது.

கென்யா 1963இல் அரசியற் சுதந்திரம் பெற்றது. ஆயினும், ஐந்து ஆண்டுகளின் பின்னரும் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இலக்கியம் என்பது ஆங்கிலத் துறையின் உடைமையாகவே இருந்தது. அத்துறையின் எதிர்காலம் பற்றி 1968 செப்ரெம்பரில் கலைப்பீடத்தின் முன் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. ஏனைய மொழிகள், இலக்கியங்களின் இடம் பற்றி அது பேசியபோதிலும், ஆங்கில மரபே மையம் என்னும் எடுகோளை அது கைவிடவில்லை எனக் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவூர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவரும் கருதினர். ஆங்கிலத் துறையையே நீக்குதல் வேண்டும் என்னும் அவர்களது மறுப்பறிக்கை அதே ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது.

இதனை ஆங்கில வெறுப்பின் விளைவெனக் கொள்வது தவறு. ஐரோப்பிய இலக்கியத்துக்கும் அவர்களது திட்டத்தில் இடமிருந்தது. ஆபிரிக்காவை மையத்தில் வைத்து, அங்கிருந்து ஏனைய உலகை நோக்குதல் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். வாய்மொழி இலக்கியத்துக்கு அவர்கள் அளித்த இடம் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மானிடவியலாளரின் சேகரிப்புப் பொருளாகக் கருதப்பட்ட பாடலும் கதையும் விடுகதையும் இலக்கியம் என்ற தகுதியுடன் பாடவிதானத்தினுள் நுழைந்தன. எழுத்தறியாத ஒரு கிராமத்து மூதாட்டியும் இலக்கியம் படைப்பவளே என்பதை ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டமை சிறிய மாற்றமன்று.

ஆயின், விவாதத்தின் இறுதியில் ஏற்பட்ட அமைப்பு யாது? மூவரும் ஆபிரிக்க இலக்கியத்துக்கும் மொழிகளுக்குமாக ஒரே துறையை வேண்டினர். உருவானவையோ இரண்டு துறைகள்: ஒன்று இலக்கியத்துக்கு, மற்றொன்று மொழிகளுக்கு. நிர்வாக வசதி எனத் தோன்றும் இப்பிரிவினை ஆழமான விளைவுகளை உடையது. இலக்கியத் துறையிற் பொருள் மாறியது, போதனாமொழி மாறவில்லை. மாணவன் கிக்கூயுப் பாடலையோ லுவோக் கதையையோ பற்றி ஆங்கிலத்திலே கேட்டு, ஆங்கிலத்திலே கட்டுரை வரைந்தான்.

இதனால் இழக்கப்படுவது யாதென்பதை எளிதில் விளக்கலாம். கிக்கூயுவும் லுவோவும் தொனி மொழிகள். குரலின் ஏற்ற இறக்கமே சொற்பொருளை வேறுபடுத்தும். தமிழிலக்கணம் இரட்டைக்கிளவி எனவும் ஒலிக்குறிப்பு எனவும் வகுத்துரைப்பவற்றுக்கு நிகரான சொற்கள் ஆபிரிக்க மொழிகள் பலவற்றிற் பெருகியுள்ளன. கதை சொல்பவரின் கலையில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பில் தொனி முற்றாக மறைகின்றது. ஒலிக்குறிப்பு வெறும் விவரணையாகச் சுருங்குகின்றது. எஞ்சுவது கதைப்பொருள் மட்டுமே. ஒக்கோட் பி'பிடெக் உகண்டாவின் அச்சோலி மொழியில் இயற்றிய ‘லாவினோவின் பாடல்’ 1966இல் ஆங்கிலத்தில் அச்சேறியது. மூலமோ 1969 வரை காத்திருந்தது. தாய்மொழிப் படைப்புக்கூட ஆங்கிலத்தின் வாயிலாகவே அங்கீகாரம் பெற நேர்ந்த நிலையை இது உணர்த்துகின்றது.

கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அனைத்தையும் கற்பித்தல் இயலுமா என்று வினவுவோர் உளர். இவ்வினா நியாயமானதே. எல்லா மொழிகளையும் எல்லாரும் கற்க வேண்டுமென எவரும் கோரவில்லை. ஓர் ஆபிரிக்க மொழியிலேனும் ஒரு படைப்பை மூலத்திலே ஆராயும் பயிற்சியின்றி ஆபிரிக்க இலக்கியப் பட்டம் பெறலாமா என்பதே கேள்வி. அயல்நாடான தன்சானியாவின் டார்-எஸ்-சலாம் பல்கலைக்கழகத்தில் 1970இல் நிறுவப்பட்ட சுவாகிலித் துறை, சுவாகிலி இலக்கியத்தையும் இலக்கணத்தையும் அம்மொழியிலேயே கற்பிக்கலாயிற்று. இலக்கியத்துக்கு ‘ஃபசிஹி’ எனவும் மொழியியலுக்கு ‘இசிமு’ எனவும் கலைச்சொற்கள் வழங்கின. ஏனைய துறைகள் ஆங்கிலத்திலேயே இயங்கியமை அம்முயற்சியின் எல்லையைக் காட்டுவதாயினும், ‘இயலாது’ என்ற வாதத்துக்கு அது தக்க மறுமொழியாகும்.

கூகியின் பிற்கால வாழ்வே நைரோபித் திட்டத்தின் மீதான மிகக் கடுமையான விமர்சனம் எனலாம். 1977இல் அவர் கமிரீத்து என்னும் கிராமத்துத் தொழிலாளருடனும் விவசாயிகளுடனும் இணைந்து, கூகி வா மிரீயோடு சேர்ந்தெழுதிய கிக்கூயு நாடகத்தை மேடையேற்றினார். சில வாரங்களில் அரசு அதனைத் தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் அவர் கைதாகி, விசாரணையின்றி ஓராண்டளவு சிறையிருந்தார். அவரது ஆங்கில நாவல்கள் அரசைச் சாடியபோது நேராத தண்டனை, மக்கள் மொழியில் மக்களே நடித்தபோது நேர்ந்தது. சிறையிலே மலசலகூடக் கடதாசியில் அவர் வரைந்த கிக்கூயு நாவல் 1980இல் வெளியாயிற்று. 2025இல் மறையும்வரை மொழிப் பிரச்சினையை அவர் கைவிடவில்லை.

நைரோபி விவாதம் தோல்வியுற்றது என்பது இதன் கருத்தன்று. எதைக் கற்பது என்பதை ஆபிரிக்கர் தாமே தீர்மானிக்கும் உரிமையை அது நிலைநாட்டியது. ஆனால், மொழியை ஒரு துறையிலும் இலக்கியத்தை மற்றொரு துறையிலும் பிரித்துவைத்த கல்விமுறை, பாடலைப் பாடியவளைப் பாடவிதானத்தில் ஏற்றுவித்து, அவள் மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. அவள் தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் நாளிலேயே 1968இல் தொடங்கிய பணி நிறைவுறும்.