எதிர்வினையும் செயலும்: நவமார்க்சியக் குற்றவியலில் ஓர் இடைவெளி

முன்னுரை

குற்றத்தைத் தனிமனிதக் கோளாறாகக் கண்ட மரபை மறுத்து இயன் டெய்லர், பால் வால்டன், ஜாக் யங் ஆகியோர் 1973இல் 'தி நியூ கிரிமினாலஜி' என்னும் நூலை வெளியிட்டனர். பொருளாதாரமே குற்றத்தை முழுதும் தீர்மானிக்கிறது என்னும் முந்தைய மார்க்சிய விளக்கத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. பிறழ்நடத்தை பற்றிய முழுமையான சமூகக் கோட்பாட்டுக்கு ஏழு கூறுகள் வேண்டும் என்றனர். அவை: செயலின் பரந்த பின்புலம், அதன் உடனடிக் காரணம், செயல், எதிர்வினையின் உடனடிக் காரணம், எதிர்வினையின் பரந்த பின்புலம், பிறழ்ந்தோர்மீது அதன் விளைவு, இவற்றின் ஒட்டுமொத்தத் தொடர்பு. இக்கோட்பாட்டை நடைமுறை ஆய்வில் மிக நெருங்கியதாகக் கருதப்படும் நூல் எக்கூறுகளை நிறைவு செய்தது, எவற்றை விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'மக்கிங்' என்னும் பெயர்

ஸ்டூவர்ட் ஹால் உள்ளிட்ட ஐவர் எழுதிய 'போலீசிங் தி கிரைசிஸ்' 1978இல் வெளிவந்தது. 1972-73இல் பிரிட்டன் நாளிதழ்கள் தெருவழிப்பறியை 'மக்கிங்' என்று அழைத்தன. அமெரிக்காவிலிருந்து வந்த இச்சொல் பிரிட்டன் சட்டத்தில் தனிக்குற்றத்தைக் குறிப்பதன்று. பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் நிகழ்ந்த வழிப்பறி ஒன்றிற்காக 1973இல் பதினாறு வயதுச் சிறுவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. காவல்துறை, நீதிமன்றம், நாளிதழ் ஆகியன ஒன்றையொன்று சான்றாகக் காட்டி அச்சத்தை வளர்த்ததை நூல் நிறுவுகிறது. மக்களின் இசைவு தளரும்போது அரசு வன்முறையை நாடுகிறது என, கிராம்சியின் மேலாதிக்கக் கருத்தாக்கத்தின் வழியே அது விளக்குகிறது. அந்நெருக்கடியின் முகமாகக் கறுப்பின இளைஞர் ஆக்கப்பட்டனர் என்பதே நூலின் மையவாதம்.

விடுபட்டவை

எதிர்வினை பற்றிய கூறுகள் இந்நூலில் செறிவாக உள்ளன. செயலும் அதன் உடனடிக் காரணமும் மெலிந்தே காணப்படுகின்றன. பாதிக்கப்பட்டோரின் அனுபவம் பகுப்பாய்வின் மையத்துக்கு வரவில்லை. அச்சம் மிகையானது என்பதற்கு உரிய அளவுகோல் எது என்று வாடிங்டன் 1986இல் எழுப்பிய வினா இக்குறையையே சுட்டுகிறது.

இதனை ஈடுசெய்ய முயன்றது இடதுசாரி யதார்த்தவாதம். முதல் நூலின் ஆசிரியருள் ஒருவரான யங், ஜான் லீயுடன் 1984இல் எழுதிய நூலில், குற்றத்தால் பெரிதும் துன்புறுவோர் உழைக்கும் மக்களே என வாதிட்டார். 1986இல் வெளிவந்த இஸ்லிங்டன் குற்ற அளவாய்வும் அத்துன்பத்தைப் பதிவுசெய்தது. எனினும், இங்கு வேறோர் இழப்பு நேர்ந்தது. அரசு இவ்வாய்வுகளில் பெரிதும் குற்றத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பாக இடம்பெறுகிறது. நெருக்கடியில் இசைவைத் திரட்டும் ஆற்றலாக அது ஆராயப்படுவது குறைந்தது.

முடிவுரை

தெருவில் வழிப்பறி நிகழ்வதும், அதன்மீதான அச்சத்தை அரசு தன் இருப்புக்குப் பயன்படுத்துவதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நாளிதழ்ச் செய்திகளை மட்டும் தொகுத்து 'ஒழுக்கப் பீதி' என முடிவுரைக்கும் ஆய்வு முன்னதைக் காணத் தவறும். பாதிக்கப்பட்டோரைக் கணக்கிடுவதோடு நிற்கும் ஆய்வு பின்னதைக் காணத் தவறும். 1973இல் முன்வைக்கப்பட்ட ஏழு கூறுகளையும் ஒரே நிகழ்வின்மீது பொருத்திப் பார்ப்பதே இவ்விரு தவறுகளையும் தவிர்க்கும் வழியாகும்.