அல்பிரட் ரசல் வலஸ்: ஒரு முரண்பாட்டின் வேர்கள்

கூர்ப்புக் கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் அல்பிரட் ரசல் வலஸை (1823–1913) பெரும்பாலும் இரு கோலங்களிலேயே காட்டுவர். டார்வினை விரைந்து எழுதத் தூண்டிய துணைப்பாத்திரம் என்பது ஒன்று. ஆவியுலக நம்பிக்கைக்கு ஆட்பட்டு நிலைபிறழ்ந்த அறிவியலாளர் என்பது மற்றையது. ஏங்கெல்ஸ் 1878 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விரண்டாவது வலஸையே எள்ளி நகையாடினார். கோட்பாட்டை வெறுக்கும் வெறும் அனுபவவாதம் மாயாவாதத்திற் சென்று முடியும் என்பது அவரது தீர்ப்பு. ஆவியழைப்புக் கூட்டங்களைப் பொறுத்தவரை அத்தீர்ப்புச் சரியே. ஆயின், மனித மனம் இயற்கைத் தேர்வினால் தோன்றியதன்று என்று வலஸ் வாதிட்டமைக்கு அது போதிய விளக்கமாகாது.

வலஸ் செல்வம் நலிந்த குடும்பத்தில் வந்தவர். 14 வயதளவிற் பள்ளியை விட்டுத் தமையனாருடன் நில அளவைத் தொழிலில் இறங்கினார். வேல்சில், பொதுநிலங்கள் அடைக்கப்பட்டுத் தனியுடைமையாவதற்கான அளவைப் பணியிலும் பங்குகொண்டார். அன்று அதனை நியாயமென்றே எண்ணியதாகவும், அது ஏழைகளிடம் சட்டப்படி நடத்தப்பட்ட கொள்ளை எனப் பின்னரே உணர்ந்ததாகவும் தம் சுயசரிதையிற் (1905) கூறுகிறார். 1881 இல் அவர் நில தேசியமயமாக்கற் சங்கத்தின் தலைவரானமை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

டார்வினுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. வலஸோ பூச்சிகளையும் பறவைகளையும் விற்று வாழ்ந்தவர். அமேசனிற் சேகரித்தவற்றுட் பெரும்பகுதி 1852 இற் கப்பல் தீப்பற்றியதால் அழிந்தது. 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக் கூட்டத்தில் 1,25,660 மாதிரிகளைத் திரட்டினார். ஓரினத்திற் பல மாதிரிகளைத் திரட்டவேண்டிய இத்தொழிலே, இனத்துள் நிலவும் வேறுபாடுகளையும் பாலிக்கும் லொம்பொக்கிற்கும் இடையே விலங்குகள் மாறும் எல்லையையும் அவர் கண்ணிற் படச்செய்தது எனலாம். 1858 இல் அவர் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, அவரது சம்மதம் கேளாமலே, யூலை 1 ஆம் திகதி லின்னியன் கழகத்தில் டார்வினின் எழுத்துக்களோடு வாசிக்கப்பட்டது. இது பற்றிய சர்ச்சை அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. தமது 1889 ஆம் ஆண்டு நூலுக்கு ‘டார்வினியம்’ என்றே பெயரிட்டவர் வலஸ்.

நமது கவனத்துக்குரியது 1869 ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு வெளியான ‘மலாய்த் தீவுக் கூட்டம்’ என்ற நூலின் இறுதிப் பக்கங்களில், தாம் கண்ட பழங்குடிச் சமூகங்களின் ஒழுக்கத்தின் முன் ஐரோப்பிய நாகரிகம் தலைகுனியவேண்டியது என எழுதினார். அதே ஆண்டில், அம்மக்களின் மூளை ஐரோப்பியரின் மூளைக்குப் பெரிதும் குறைந்ததன்று என்றும், அவர்தம் எளிய வாழ்வுக்கு அத்துணை மூளை வேண்டியதில்லை என்றும், எனவே மேலானதோர் அறிவு அதனை வழிநடத்தியிருக்கவேண்டும் என்றும் வாதிட்டார். டார்வின் பெரிதும் மனம் வருந்தினார்.

இவ்வாதத்தின் முதற்படி சமத்துவ நோக்கிலிருந்து பிறந்தது. இனவாதம் மேலோங்கிய அக்காலத்தில் அது துணிவான கூற்று. பிழை இரண்டாம் படியிலேயே உள்ளது. மூளையிற் சமம் என ஏற்றவர், அம்மூளை நாளாந்தம் ஆற்றும் உழைப்பை மதிப்பிடத் தவறினார். வேட்டை, மொழி, கடலோட்டம், உறவுமுறை என்பனவற்றுக்கு வேண்டிய அறிவு அவரது கணக்கில் இடம்பெறவில்லை. காலனித்துவ நோக்கின் எச்சம் ஆவிகளை நம்பியதிலன்று, இக்கணக்கிலேயே தங்கியிருந்தது. உழைப்பே மனிதனை உருவாக்கியது என்று 1876 இல் எழுதிய ஏங்கெல்ஸிடம் இதற்குரிய விடை இருந்தும், வலஸைக் கண்டித்தபோது அவர் அதனைப் பயன்படுத்தவில்லை.

விடை வலஸின் அருகிலும் இருந்தது. சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞன் அவரிடம் பணியாளாகச் சேர்ந்து, பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுத் தேர்ந்தான். 1858 இற் பச்சான் தீவில், அதுவரை அறிவியல் அறியாத சொர்க்கப்பறவை ஒன்றை முதலிற் கொண்டுவந்தவன் அவனே. மறு ஆண்டில் இலண்டனில் அதற்கு வலஸின் பெயர் சூட்டப்பட்டது.