பெயர் இல்லாத உப்புத் தூண்

ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர் வீட்டில் ரிடையர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால், அன்றைய பிரசங்கத்துக்கு மார்க் போட்டு என்னிடம் சொல்வார். போன வாரம் மார்க் ரொம்பக் குறைவு. ‘‘லோத்தோட பொண்டாட்டி நகை நட்டு, வீடு வாசல் மேல ஆசைப்பட்டுத் திரும்பிப் பார்த்தாளாம். அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு இவருக்கு எப்படித் தம்பி தெரியும்?’’

நியாயமான கேள்வி. ஆதியாகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். சோதோம் நகரம் அழியப்போகிறது. தேவதூதர்கள் லோத்தையும் மனைவியையும் இரண்டு மகள்களையும் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுவந்து விடுகிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அவள் பார்த்தாள், உப்புத் தூண் ஆனாள். 26-ஆம் வசனம், ஒரே ஒரு வாக்கியம். பெயர்கூடக் கிடையாது. லூக்கா சுவிசேஷத்தில் இயேசு அவளை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். எதை வைத்து நினைப்பது?

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கணக்கு இடித்தால் முந்தைய பக்கத்தைப் புரட்டுவான். புரட்டினேன். 8-ஆம் வசனம். முந்தின ராத்திரி ஊர் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, ‘விருந்தாளிகளை வெளியே அனுப்பு’ என்று கத்துகிறார்கள். லோத்து என்ன செய்கிறான்? ‘அவர்களை விட்டுவிடுங்கள். என் இரண்டு பெண்களைத் தருகிறேன், உங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளுங்கள்’ என்கிற மாதிரி பேசுகிறான். (நல்லவேளை, விருந்தாளிகளே தேவதூதர்கள். கூட்டத்தைக் குருடாக்கிக் காப்பாற்றிவிட்டார்கள்.) அந்த நேரம் அம்மா எங்கே இருந்தாள்? கதவுக்குப் பின்னாலா? அவள் காதில் விழுந்ததா? பைபிள் மூச்சு விடவில்லை.

1996-ல் நோபல் பரிசு வாங்கிய போலந்துக் கவிஞர் சிம்போர்ஸ்கா, இவளையே பேசவைத்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஏன் திரும்பினேன் என்று காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்குகிறாள். ஒரு வெள்ளிக் கிண்ணம்கூட வருகிறது. எது நிஜம் என்று கடைசிவரை பிடி கொடுப்பதில்லை. அதில் ஒரு காரணம், முன்னால் போகும் புருஷனின் பிடரியையே பார்த்துக்கொண்டு நடக்க முடியவில்லை என்பது. ஏன் முடியவில்லை? 8-ஆம் வசனத்தைப் படித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் இந்தப் பொறுமை இருப்பதில்லை. அனிதா டயமண்ட் 1997-ல் எழுதிய ‘தி ரெட் டென்ட்’ நாவலில் யாக்கோபின் மகள் தீனாள் தன் கதையைத் தானே சொல்கிறாள். பைபிளில் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிரசவம், மருத்துவச்சிகள் வரும் பக்கங்கள் எல்லாம் ஜோர். ஆனால், சீகேம் அவளைக் கெடுத்தான் என்று பைபிள் சொல்வதை நாவல் காதலாக்கிவிடுகிறது. எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காயத்தோடு அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதுதானே கஷ்டமான கேள்வி? காயமே இல்லை என்று சொல்லிவிட்டால் எழுதுகிறவருக்கு வேலை சுலபம்.

நம்ம புதுமைப்பித்தன் 1943-லேயே அந்தக் கஷ்டமான வழியில் போனார். ‘சாபவிமோசனம்’ கதையில், கல்லாக இருந்து மீண்ட அகலிகைக்கு மன்னிப்பு கிடைத்துவிடுகிறது, நிம்மதிதான் கிடைக்கவில்லை. யார் சாதாரணமாக எதைச் சொன்னாலும் அதில் குத்தல் இருக்கிறதோ என்று குழம்புகிறாள். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். ராமனா அப்படிக் கேட்டான்? தன்னை மீட்ட அதே ராமனா? அகலிகை பெண்ணுரிமைப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார் ஆசாமி!

முதல் தடவை கல்லானது சாபம். இரண்டாவது தடவை? அந்தக் கதையைப் படித்த கண்ணோடு உப்புத் தூணைப் பார்த்தால், அது தண்டனைதானா என்று சந்தேகம் வருகிறது. ‘இதற்கு மேல் இந்த மனுஷன் பின்னால் நடக்க மாட்டேன்’ என்று ஒருத்தி நின்றுவிட்ட இடமாகவும் இருக்கலாம் இல்லையா?

கோவளத்தில் ஒரு கல்யாணத்துக்கு டீச்சரையும் காரில் அழைத்துப் போனோம். கேளம்பாக்கம் தாண்டி உப்பளங்கள் வந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசின. கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்:

‘‘பின்னால வந்த அம்மாவோட காலடிச் சத்தம் நின்னுடுச்சுன்னு அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல தம்பி? ஆனா, திரும்பிப் பார்க்க முடியாதே...’’