வாடைக் கடலில் சீலாவுக்கு எறியும் தூண்டில்

பொய்யிரைத் தூண்டிலில் இறாலோ சூடையோ கோப்பதில்லை. உலோகத் தகட்டிலோ மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய்மீனை எறிந்து, அதை உயிருள்ளது போல இழுத்து, வேட்டை மீனைக் கடிக்க வைப்பதே அதன் வேலை. ஐரோப்பிய ஏரிகளில் இந்த ஆட்டத்தின் பெரிய எதிராளி பைக் என்னும் நன்னீர் மீன். அடிபட்டுச் சரிந்து நீந்தும் சிறு மீனையே வேட்டை மீன்கள் முதலில் தாக்குகின்றன என்பதைக் கவனித்த பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா, 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் சீவி, சொக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை ஒட்டித் தன் முதல் பொய்மீனைச் செய்தார். இன்று கல்முனைக் கடைகளில் தொங்கும் பொய்மீன்கள் பலவும் அந்தத் தக்கை மீனின் வாரிசுகள்தாம்.

அம்பாறைக் கரையில் பைக் கிடையாது. அதன் இடத்தில் நிற்பது சீலா. இரண்டுக்கும் இன உறவு இல்லை. ஆனாலும் நீண்ட உடல், முன்னே துருத்திய கீழ்த்தாடை, கத்தி போன்ற பல், அசையாமல் நின்று அம்பாகப் பாயும் குணம் எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் சீலா இனத்துக்குக் கடல் பைக் என்ற பெயரும் இருந்தது. பெருஞ்சீலா ஐந்தடிக்கு மேல் வளரும். சீலாவோடு பாரையும் அறுக்குளாவும், ஆற்றுவாய்களில் கொடுவாவும் இதே தூண்டிலுக்கு வருகின்றன.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கரை கிழக்கு நோக்கியது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அதனால் காலையில் கரையோரம் அலை படிந்து, நீர் தெளிந்திருக்கும். அப்போது எறிவது சுலபம்; காற்றே பொய்மீனைத் தூக்கிக்கொண்டு போகும். மாரியில் எல்லாம் தலைகீழ். வாடை முகத்தில் அடிக்கும், அலை உயரும், தோணிகள் வாடிப் பக்கம் ஏறிவிடும், கரைவலை ஓய்ந்துவிடும். கடலே மூடிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் மீன் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கொந்தளிப்பு நாள் தூண்டிலின் முழு வித்தையும்.

அந்த இடம் பெரும்பாலும் ஆற்றுவாய். மாரி மழையில் களப்புகள் நிரம்பி, வயலும் வீடும் தாழும் நிலை வந்தால் முகத்துவார மணல்மேட்டை வெட்டிவிடுவது கிழக்கின் பழைய வழக்கம். வெட்டிய சில மணி நேரத்தில் செந்நிற வெள்ளம் கடலுக்குள் விசிறி போல விரியும். அதோடு மணலை மீனும் இறாலும் குஞ்சு மீன்களும் அள்ளுண்டு வெளியேறும். வெள்ளம் முடிந்து பச்சைக் கடல் தொடங்கும் கோடு, கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியும். நுரையும் சருகும் சல்வீனியாவும் அந்தக் கோட்டில் வரிசையாக மிதக்கும். சீலா கண்ணால் வேட்டையாடும் மீன், அடர்ந்த கலங்கலுக்குள் அதிகம் நுழையாது. கோட்டின் பச்சைப் பக்கத்தில் நின்று, கலங்கலிலிருந்து தடுமாறி வெளிவருவதை வெட்டும். உவர்நீரில் பழகிய கொடுவா கலங்கல் பக்கத்திலேயே இரை தேடும். ஆகவே கோட்டைத் தாண்டி எறிந்து, அதைக் குறுக்கே கடக்கும்படி இழுப்பதே சரி. கோடு தெரியாத இடத்தில் நாள் முழுக்க எறிவது கையைத்தான் நோகவைக்கும்.

தெளிந்த நீரில் பொய்மீனை வேகமாக இழுக்க வேண்டும். சீலா பின்னாலேயே வந்து உற்றுப் பார்க்கும். நின்று பார்க்க நேரம் கொடுத்தால் மோசடி தெரிந்துவிடும். மங்கல் நீரில் கதை வேறு. அங்கே மீன் இரையைத் தேடிப் பிடிக்கவே நேரம் வேண்டும். அதனால் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் பெரியதாக, உள்ளே குண்டுமணி உருண்டு சத்தமிடுவதாக, உடலை ஆட்டி நீரை அதிரவைப்பதாகப் பொய்மீனைத் தெரிவு செய்ய வேண்டும். பக்கக் கோட்டு உணர்வால் மீன் அந்த அதிர்வை அறியும். கலங்கலில் ஒரு லாபமும் உண்டு: சீலாவின் பல் தங்கூசியை ஒரே கடியில் அறுக்கும் என்பதால் கட்டும் ஒரு சாண் கம்பி, மங்கல் நீரில் மீன் கண்ணுக்கு எளிதில் படாது.

கடலைப் பார்த்து நிற்பவருக்கு வாடை இடது முன்பக்கத்திலிருந்து வரும். அலையின் இழுவை பொய்மீனைத் தெற்கே தள்ளும், காற்று நூலை வில்லாக வளைக்கும். இலேசான மரப்பொய்மீன் இந்தக் காற்றில் உருண்டு கால்மாட்டிலேயே விழும். முப்பது, நாற்பது கிராம் உலோகத் தகடுதான் காற்றைக் கிழித்துப் போகும். சற்று வடக்கே, தாழ்வாக எறிந்து, விழுந்தவுடன் கம்பு நுனியை நீர்ப்பக்கம் தாழ்த்திவிட்டால் வில் குறையும். பிறகு அலையோடு தாளம். அலை கரைக்கு வரும்போது பொய்மீனும் சேர்ந்து வருவதால் நூல் தொய்யும். அப்போது ரீலை வேகமாகச் சுற்ற வேண்டும். அலை திரும்பும்போது கடலே நூலை இழுக்கும். அப்போது கை ஓய வேண்டும். கடி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில், பொய்மீன் ஒரு நொடி தடுமாறும் இடத்தில் விழும். இரையை நடுவில் இரண்டாகத் துண்டாக்குவது சீலாவின் வழக்கம், அதனால் வால்பக்கக் கொக்கி கூராக இருப்பது அவசியம்.

கரையேற்றும் நேரம்தான் நிறையப் பேர் மீனை இழக்கிறார்கள். திரும்பும் அலையோடு மல்லுக்கட்டினால் மீனின் எடையோடு தண்ணீரின் எடையும் சேர்ந்து நூல் அறும். அலை பின்வாங்கும்போது நூலை விட்டுக்கொடுத்து, அடுத்த அலை வரும்போது அதன் முதுகிலேயே மீனை மணலுக்கு ஏற்ற வேண்டும். சீலாவின் வாயில் விரலை விடக்கூடாது, குறடுதான் வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் படரும் வேளையும் மஃரிபுக்கு முந்திய அரைமணி நேரமும் இந்தக் கரையில் நல்ல நேரம். இங்கு கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், ஏற்ற நேரத்தைவிட வெளிச்சத்தையும் ஆற்றுவாயின் ஓட்டத்தையும் பார்ப்பதே பயன்.

2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்கள் போன்ற இடங்களில் மீன் ஒதுங்கும் என்பது உண்மை. ஆனால் வாடை நாளில் பாசி படிந்த அந்தக் கல்லில் நின்று எறிவது எந்தச் சீலாவுக்கும் ஈடாகாது. வெட்டிய ஆற்றுவாயின் மணல் விளிம்பும் அப்படித்தான். அடியில் அரித்து, சத்தமில்லாமல் சரியும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இந்தக் கரையைப் புரட்டிய சூறாவளியும் மாரிக் காலத்தில் வந்ததே. வளிமண்டலவியல் திணைக்களம் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் கம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காற்று தணிந்த மறுநாளும் ஆற்றுவாய் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சீலாவும் அந்தக் கோட்டிலேயே நிற்கும்.